பி தொகுப்பு மூலகங்களை உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் முறை

க.பொ.த. உயர்தர இரசாயனவியலில் எஸ், பி, டி தொகுப்பு மூலகங்கள் பற்றிய ஆறாம் அலகைக் கடைசி மாதங்களுக்குத் தள்ளிவைக்கும் வழக்கம் யாழ்ப்பாண மாணவரிடையே பரவலாக உள்ளது. கணித்தல்களும் சேதன இரசாயனமும் பயிற்சியால் வசப்படும், அசேதனமோ முழுவதும் மனனம், மனனம் செய்ததைப் பரீட்சைக்கு அண்மையில் படித்தால்தான் மறக்காது என்ற எண்ணமே இதற்குக் காரணம். இந்த எண்ணத்தோடு பி தொகுப்பை, அதாவது ஆவர்த்தன அட்டவணையின் 13 முதல் 18 வரையான கூட்டங்களின் மூலகங்களை, அணுகுபவர், தனியார் வகுப்பில் தரப்பட்ட குறிப்பில் உள்ள சமன்பாடுகளை ஒன்றன்பின் ஒன்றாக எழுதிப் பார்க்கிறார். நைதரசன் முடிந்து கந்தகத்துக்கு வரும்போது நைதரசன் மறந்துவிடுகிறது. அலசன்களை எட்டும்போது எல்லாம் ஒன்றோடொன்று கலந்துவிடுகின்றன. இது நினைவாற்றலின் குறையன்று, படிக்கும் ஒழுங்கின் குறை. பி தொகுப்பின் தாக்கங்களிற் பெரும்பகுதியை ஒட்சியேற்ற எண் (சேர்வையில் ஓர் அணு எத்தனை இலத்திரன்களை இழந்ததாக அல்லது பெற்றதாகக் கருதப்படுகிறது என்பதைக் காட்டும் எண்) என்ற ஒரே இழையிற் கோத்துவிட முடியும். எஞ்சுவதை மட்டும் மனனம் செய்தாற் போதும். அந்த இழையை எப்படிக் கட்டுவது, எங்கே அது துணைசெய்யும், எங்கே கைவிடும் என்பவற்றையே இங்கு விளக்குகிறேன்.

முதலில் வினாத்தாளை நினைவிற் கொள்ளுங்கள். முதலாம் வினாத்தாளில் இரண்டு மணித்தியாலங்களில் 50 பல்தேர்வு வினாக்கள். இரண்டாம் வினாத்தாளில் மூன்று மணித்தியாலங்களில் நான்கு அமைப்புக் கட்டுரை வினாக்களும், அவற்றைத் தொடர்ந்து தெரிவுக்கு இடமுள்ள கட்டுரை வினாக்களும் உள்ளன. பி தொகுப்பு இவை எல்லாவற்றிலும் பரவிக் கிடக்கிறது. பெயர் சொல்லாமல் இயல்புகளை மட்டும் தந்து மூலகத்தை இனங்காணச் சொல்லும் வினா, சோதனைக்குழாயில் நடப்பதை விவரித்து அயனை உய்த்தறியச் சொல்லும் வினா, நைத்திரிக் அமிலம், சல்பூரிக் அமிலம் ஆகியவற்றின் கைத்தொழில் உற்பத்தி பற்றிய வினா என அது வெவ்வேறு வடிவங்களில் வரும். இவற்றில் எதுவும் குறிப்பிலுள்ள வரியை அப்படியே திருப்பிக் கேட்பதில்லை. ஆகவே, கேள்வி எந்தப் பக்கத்திலிருந்து வந்தாலும் விடையைக் கட்டியெழுப்பும் திறனைத்தான் நீங்கள் பயில வேண்டும். தேசிய கல்வி நிறுவகத்தின் பாடத்திட்டத்தை எடுத்து, ஒவ்வொரு மூலகத்துக்கும் எந்தெந்தச் சேர்வைகளும் தாக்கங்களும் எதிர்பார்க்கப்படுகின்றன என்பதைக் கொப்பியின் முதற்பக்கத்தில் எழுதிவைத்துக்கொண்டு தொடங்குங்கள். பாடத்திட்டத்துக்கு வெளியே உள்ள தாக்கங்களைச் சேர்த்துக் குறிப்பைப் பெருப்பிப்பதால் நன்மையில்லை.

தொடங்குமுன் இரண்டு அலகுகளுக்குத் திரும்புங்கள்

அணுக்கட்டமைப்பும் பிணைப்பும் உறுதியாக இல்லாதவருக்குப் பி தொகுப்பு என்றைக்கும் மனனமாகவே இருக்கும். வெளியோட்டின் பி உபசக்திமட்டம் ஒரே ஓர் இலத்திரனுடன் 13 ஆம் கூட்டத்தில் நிரம்பத் தொடங்கி 18 ஆம் கூட்டத்தில் ஆறு இலத்திரன்களுடன் நிறைவடைகிறது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால், முதலாம் அயனாக்கற் சக்தி ஆவர்த்தனத்தின் வழியே ஏறும்போது எங்கே, ஏன் இறங்குகிறது என்பதைச் சரியாக எழுதுபவர் குறைவு. மகனீசியத்தின் பெறுமானம் மூலுக்கு 738 கிலோயூலாக இருக்க, அதற்கு அடுத்துள்ள அலுமினியத்தினது 578 ஆகக் குறைகிறது. ஏனெனில் அலுமினியத்தில் நீக்கப்படும் இலத்திரன், நிரம்பிய 3எஸ் இலும் சக்தி கூடிய 3பி இல் இருக்கிறது. நைதரசனின் பெறுமானம் 1402, ஒட்சிசனினது 1314. நைதரசனின் மூன்று 2பி ஒபிற்றல்களிலும் ஒவ்வோர் இலத்திரன் தனித்திருக்க, ஒட்சிசனில் ஓர் ஒபிற்றலில் இரண்டு இலத்திரன்கள் சோடி சேர்ந்து ஒன்றையொன்று தள்ளுகின்றன. “அரைநிரம்பல் உறுதியானது” என்று மட்டும் எழுதி நிறுத்திவிடாமல், இரண்டு மூலகங்களினதும் இலத்திரன் நிலையமைப்பை எழுதி, எந்த இலத்திரன் எங்கிருந்து நீக்கப்படுகிறது என்று காட்டியே விளக்குங்கள்.

இதே அடித்தளத்திலிருந்தே, ஒவ்வொரு கூட்டத்திலும் தலை மூலகம் ஏன் தன் கூட்டத்தாரிலிருந்து விலகி நிற்கிறது என்ற கேள்விக்கும் விடை வருகிறது. இரண்டாம் ஆவர்த்தன அணு சிறியது, மின்னெதிர்த்தன்மை கூடியது, அதன் வலுவளவு ஓட்டில் டி ஒபிற்றல் இல்லை. சிறிய அணுக்களின் பி ஒபிற்றல்கள் பக்கவாட்டில் நன்கு மேற்பொருந்துவதால் நைதரசன் மும்மைப் பிணைப்புடன் ஈரணு மூலக்கூறாகிறது; பொசுபரசோ ஒற்றைப் பிணைப்புகளால் நான்கு அணுக்கள் சேர்ந்த மூலக்கூறாகிறது. நைதரசன் மூலக்கூறின் பிணைப்பை உடைக்க மூலுக்கு ஏறத்தாழ 945 கிலோயூல் வேண்டும் என்ற ஒரு தரவே, நைதரசன் ஏன் சோம்பிய வாயுவாக இருக்கிறது, நைதரசனிலிருந்து அமோனியாவை ஆக்கும் ஏபர் முறைக்கு ஏன் ஊக்கியும் உயர் வெப்பநிலையும் தேவைப்படுகின்றன என்பவற்றை விளக்கிவிடுகிறது. சிறுமை எப்போதும் உறுதியைத் தருவதில்லை என்பதற்குப் புளோரீன் சான்று. அதன் பிணைப்புச் சக்தி 158, குளோரீனினது 242. இரண்டு சிறிய புளோரீன் அணுக்கள் நெருங்கும்போது அவற்றின் தனிச்சோடி இலத்திரன்கள் தம்முள் தள்ளுவதே இதற்குக் காரணம். புளோரீனின் கடுமையான தாக்குதிறனுக்கு இந்த நலிந்த பிணைப்பும் ஒரு காரணம் என்பதை விடையிற் சேர்க்கத் தவறாதீர்கள்.

நைதரசனுக்கு ஓர் ஏணி

இனி இம்முறையின் மையத்துக்கு வருவோம். ஒரு வெற்றுத்தாளை நெடுக்காக வைத்து, அடியில் −3, உச்சியில் +5 என்று எண்களை ஏணிப்படிகளாக எழுதுங்கள். −3 இல் அமோனியா, அமோனியம் அயன், மகனீசியம் நைத்திரைட்டு; 0 இல் நைதரசன் வாயு; +1 இல் நைதரசு ஒட்சைட்டு; +2 இல் நைத்திரிக் ஒட்சைட்டு; +3 இல் நைத்திரசு அமிலமும் நைத்திரைற்று அயனும்; +4 இல் நைதரசனீரொட்சைட்டு; +5 இல் நைத்திரிக் அமிலமும் நைத்திரேற்று அயனும் அமர்கின்றன. ஒவ்வொன்றின் அருகிலும் நிறம், மணம், நிலை ஆகியவற்றைக் குறியுங்கள். இந்த ஒரு தாள், நைதரசன் பற்றிய பல பக்கக் குறிப்பைச் சுமந்து நிற்கும்.

ஏணியை வாசிக்கும் விதிகள் எளியவை. ஏறுவது இலத்திரனை இழக்கும் ஒட்சியேற்றம், இறங்குவது இலத்திரனைப் பெறும் தாழ்த்தல். உச்சிப்படியில் உள்ள மூலகம் மேலும் ஏற முடியாது. ஆகையால் அது ஒட்சியேற்றும் கருவியாக மட்டுமே தொழிற்படலாம். அடிப்படியில் உள்ளது மேலும் இறங்க முடியாது. அது தாழ்த்தும் கருவியாக மட்டுமே தொழிற்படலாம். இடைப்படியில் உள்ளது இரண்டும் ஆகலாம். பொருத்தமான நிபந்தனையில் ஒரு பகுதி ஏறி, மறு பகுதி இறங்கி, இருவழிவிகாரம் அடையவும் கூடும். மேற்படியில் உள்ள ஒரு சேர்வையும் கீழ்ப்படியில் உள்ள மற்றொரு சேர்வையும் சந்தித்தால், இடைப்பட்ட படியொன்றில் கூடுவதற்கு இடமுண்டு. இந்த விதிகள் “முடியும்” என்பதைச் சொல்கின்றனவே தவிர, “நடக்கும்” என்று உறுதிகூறுவதில்லை. பொசுபேற்று அயனில் பொசுபரசு +5 எனும் உச்சிப்படியில் இருந்தாலும், நைத்திரேற்றைப் போல அது ஒட்சியேற்றுவதில்லை. ஐதான சல்பூரிக் அமிலத்தின் சல்பேற்று அயனும் சாதாரண நிலைமைகளில் அவ்வாறே. ஏணி காட்டும் வாய்ப்புகளுள் எவை உண்மையில் நடக்கின்றன என்பதையே நீங்கள் மனனம் செய்ய வேண்டும். மனனத்தின் பரப்பு அப்போது வெகுவாகச் சுருங்கிவிடும்.

அமோனியம் உப்புகளை வெப்பமேற்றும் தாக்கங்கள் இதற்கு மிக நல்ல பயிற்சி. இவற்றை ஐந்து தனித்தனிச் சமன்பாடுகளாக மனனம் செய்பவர்கள் பரீட்சை மண்டபத்தில் விளைபொருள்களை மாற்றி எழுதிவிடுகிறார்கள். ஏணியோடு பாருங்கள். அமோனியம் குளோரைட்டிலும் அமோனியம் காபனேற்றிலும் அமோனியம் அயனை ஒட்சியேற்றக்கூடிய எதிரயன் இல்லை. ஆகவே அங்கே ஒட்சியேற்ற எண் எதுவும் மாறாது. முன்னையது அமோனியாவும் ஐதரசன் குளோரைட்டுமாகப் பிரியும், பின்னையது அமோனியாவையும் காபனீரொட்சைட்டையும் நீரையும் தரும். அமோனியம் நைத்திரைற்றில் −3 உம் +3 உம் உள்ளன. இரண்டும் 0 இல் கூடி நைதரசன் வாயு வெளிவருகிறது. அமோனியம் நைத்திரேற்றில் −3 உம் +5 உம் உள்ளன; கூட்டினால் +2, இரண்டு அணுக்களுக்குப் பகிர்ந்தால் +1, எனவே நைதரசு ஒட்சைட்டு. அமோனியம் இருகுரோமேற்றில் ஒட்சியேற்றுவது குரோமியம். அது +6 இலிருந்து +3 இற்கு இறங்க, நைதரசன் −3 இலிருந்து 0 இற்கு ஏறுகிறது. செம்மஞ்சள் பளிங்குகள் பச்சைத் தூளாகின்றன. இப்படி ஒருமுறை எழுதிப் பார்த்தவருக்கு விளைபொருள்கள் தாமாகவே நினைவுக்கு வரும்.

செம்புடன் நைத்திரிக் அமிலம் தாக்கம்புரிவதையும் இவ்வாறே எடுங்கள். செறிந்த அமிலத்தில் நைதரசன் +5 இலிருந்து +4 இற்கு ஒரு படி இறங்கிக் கபில நிற நைதரசனீரொட்சைட்டைத் தருகிறது. செம்பு இரண்டு இலத்திரன்களை இழப்பதால், ஒரு செம்பு அணுவுக்கு இரண்டு வாயு மூலக்கூறுகள். ஐதான அமிலத்தில் மூன்று படிகள் இறங்கி நிறமற்ற நைத்திரிக் ஒட்சைட்டு உண்டாகிறது. மூன்று செம்பு அணுக்களுக்கு இரண்டு மூலக்கூறுகள். சமன்பாட்டின் குணகங்கள் இந்த இலத்திரன் கணக்கிலிருந்தே வருகின்றன. இரண்டாவது சோதனையில் வாயு நிறமற்றதாகத் தோன்றி, குழாயின் வாயருகே வளியைச் சந்தித்ததும் கபிலமாவதை அவதானிப்பாக எழுத வேண்டும். கைத்தொழில் முறைகளும் இதே தாளில் அம்புக்குறிகளாகப் பொருந்தும்: ஏபர் முறை 0 இலிருந்து −3 இற்கு, அமோனியாவிலிருந்து நைத்திரிக் அமிலத்தை ஆக்கும் ஒசுவால்ட் முறை −3 இலிருந்து +2, பின் +4, முடிவில் +5. பதினான்காம் அலகுக்கு இதனால் தனியாகப் பெருமுயற்சி தேவைப்படாது.

இந்த ஏணியின் கதை எங்கள் குடாநாட்டு மண்ணிலும் நாள்தோறும் நடக்கிறது. வலிகாமத்தின் செம்மண் தோட்டங்களில் வெங்காயத்துக்கும் புகையிலைக்கும் இடப்படும் யூரியாவிலும் எருவிலும் நைதரசன் −3 படியில் இருக்கிறது. மண்ணில் அது அமோனியம் அயனாகி, பற்றீரியாக்களால் +3 இல் உள்ள நைத்திரைற்றாகவும் பின்னர் +5 இல் உள்ள நைத்திரேற்றாகவும் ஒட்சியேற்றப்படுகிறது. நைத்திரேற்று உப்புகள் நீரில் நன்கு கரைவதால், பாசன நீரோடும் மாரி மழையோடும் கீழிறங்கி, சுண்ணாம்புக்கற் பாறையின் வெடிப்புகள் வழியே நிலத்தடி நீரை அடைகின்றன. உலக சுகாதார நிறுவனம் குடிநீருக்குக் குறிப்பிடும் எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. தோட்டங்களை அண்டிய கிணறுகள் பலவற்றில் இவ்வெல்லை தாண்டப்பட்டிருப்பது ஆய்வுகளில் பதிவாகியுள்ளது. கைக்குழந்தையின் உடலில் நைத்திரேற்று மீண்டும் நைத்திரைற்றாக இறங்கி, குருதியின் ஈமோகுளோபினிலுள்ள இரும்பை +2 இலிருந்து +3 இற்கு ஒட்சியேற்றி, ஒட்சிசன் காவும் ஆற்றலைக் கெடுக்கிறது. சூழல் மாசடைதல் பற்றிய வினாவுக்கு இதைவிட நெருக்கமான உதாரணம் நமக்குத் தேவையில்லை. நைத்திரேற்றை இனங்காணும் சோதனையும் ஏணியில் ஓர் இறக்கமே: கரைசலைச் சோடியம் ஐதரொட்சைட்டுடன் கொதிக்கவைத்து அமோனியம் அயனை முதலில் அகற்றி, பின் அலுமினியத் தூளைச் சேர்த்து வெப்பமேற்றினால், நைதரசன் +5 இலிருந்து −3 இற்கு இறங்கி அமோனியா வெளிவந்து, ஈரமான சிவப்புப் பாசிச்சாயத்தாளை நீலமாக்கும்.

கந்தகம்: அவதானத்தை எழுதக் கற்றுத்தரும் மூலகம்

கந்தகத்தின் ஏணி குறுகியது: −2 இல் ஐதரசன் சல்பைட்டு, 0 இல் மூலகம், சராசரியாக +2 இல் தயோசல்பேற்று, +4 இல் கந்தகவீரொட்சைட்டும் சல்பைற்றும், +6 இல் சல்பூரிக் அமிலமும் சல்பேற்றும். ஆனால் அவதானிப்பு வினாக்களுக்கு இதைவிட வளமான மூலகம் இல்லை என்றே கருதுகிறேன்.

அமிலமாக்கிய பொற்றாசியம் பரமங்கனேற்றுக் கரைசலைக் கொண்ட இரண்டு சோதனைக்குழாய்களை எண்ணிக்கொள்ளுங்கள். ஒன்றினுள் கந்தகவீரொட்சைட்டும் மற்றையதனுள் ஐதரசன் சல்பைட்டும் செலுத்தப்படுகின்றன. இரண்டிலும் ஊதா நிறம் நீங்குகிறது. ஏனெனில் இரண்டும் தாழ்த்தும் கருவிகள். ஆனால் முதலாவதில் கந்தகம் +4 இலிருந்து +6 இற்கு ஏறிக் கரையும் சல்பேற்றாகிறது. கரைசல் தெளிவாக, நிறமற்றதாக நிற்கிறது. இரண்டாவதில் −2 இலிருந்து 0 இற்கு ஏறி மூலகக் கந்தகம் படிவதால், நிறம் நீங்கிய கரைசல் வெளிர்மஞ்சளாகக் கலங்கிப்போகிறது. “நிறம் மாறும்” என்று எழுதியவர் இந்த இரண்டு குழாய்களையும் பிரித்தறியவே இல்லை. தொடக்க நிறம் என்ன, இறுதி நிறம் என்ன, கரைசல் தெளிந்ததா கலங்கியதா என்ற மூன்றையும் ஒவ்வொரு தாக்கத்துக்கும் எழுதும் பழக்கத்தை முதல் நாளிலிருந்தே ஏற்படுத்திக்கொள்ளுங்கள். அடுத்து அரைத்தாக்கங்களை எழுதுங்கள். மங்கனீசு +7 இலிருந்து +2 இற்கு இறங்க ஐந்து இலத்திரன்களைப் பெறுகிறது. கந்தகம் இரு சந்தர்ப்பங்களிலும் இரண்டை இழக்கிறது. ஆகவே இரண்டு பரமங்கனேற்று அயன்களுக்கு ஐந்து கந்தகச் சேர்வை மூலக்கூறுகள். இருகுரோமேற்றாயின் அது ஆறு இலத்திரன்களைப் பெறுவதால் ஒன்றுக்கு மூன்று, செம்மஞ்சள் பச்சையாகும். அந்த இரண்டு வாயுக்களும் ஒன்றோடொன்று சந்தித்தால் −2 உம் +4 உம் 0 இல் கூடிக் கந்தகமும் நீரும் உண்டாகும்.

செறிந்த சல்பூரிக் அமிலம் மூன்று முகங்களைக் கொண்டது: அமிலம், நீரகற்றும் கருவி, ஒட்சியேற்றும் கருவி. எந்த வினாவில் எந்த முகம் தோன்றுகிறது என்பதை முதலில் தீர்மானியுங்கள். திண்மச் சோடியம் குளோரைட்டுடன் அது அமிலமாகவே நின்று ஐதரசன் குளோரைட்டை வெளியேற்றுகிறது. புரோமைட்டு குளோரைட்டிலும் வலிய தாழ்த்தும் கருவி ஆகையால், அமிலம் ஒட்சியேற்றும் கருவியாகவும் தொழிற்பட்டுச் செங்கபில நிறப் புரோமீனும் கந்தகவீரொட்சைட்டும் தோன்றுகின்றன. அயடைட்டோ அதனிலும் வலியது. கந்தகத்தை +6 இலிருந்து −2 வரைகூட இறக்கிவிடும். ஊதா நிற அயடீன் ஆவியோடு அழுகிய முட்டை மணமும் எழலாம். அலசன்கூட்டத்தின் வழியே கீழே செல்லும்போது ஏலைட்டு அயனின் தாழ்த்தும் வலிமை கூடுகிறது என்ற தனி வாக்கியத்தை மனனம் செய்வதிலும், இந்த மூன்று சோதனைகளையும் அருகருகே எழுதி அவ்வாக்கியத்தை நீங்களே பெறுவது மேலானது.

குளோரீனும் அதன் கூட்டத்தாரும்

குளோரீனின் ஏணியில் −1, 0, +1, +3, +5, +7 எனும் படிகள் உள்ளன. பரீட்சைக்கு மிக முக்கியமானது இருவழிவிகாரம். குளிர்ந்த ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் குளோரீன் பாதி −1 இற்கும் பாதி +1 இற்கும் செல்ல, குளோரைட்டும் ஐப்போகுளோரைற்றும் கிடைக்கின்றன. சூடான செறிந்த கரைசலில் ஆறு அணுக்களில் ஐந்து −1 இற்கு இறங்க, ஒன்று +5 இற்கு ஏறிக் குளோரேற்றாகிறது. ஐந்து படிகள் ஏறும் ஓர் அணுவுக்கு, ஒரு படி இறங்கும் ஐந்து அணுக்கள் துணை என்பதை விளங்கிக்கொண்டவருக்கு இந்தச் சமன்பாட்டைச் சமப்படுத்துவது நொடிப்பொழுது வேலை.

ஆனையிறவு உப்பைக்கொண்டு எரிசோடாவையும் குளோரீனையும் உற்பத்தி செய்து, போர்க்காலத்தில் நின்றுபோன பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையை உங்கள் வீட்டு முதியோர் அறிவார்கள். கறியுப்புக் கரைசலின் மின்பகுப்பு என்ற பாடப்பகுதி இந்த வடபுலத்தில் கண்முன்னே நடந்த தொழில். வெள்ளத்துக்குப் பின் கிணறுகளுக்கு இடப்படும் வெளிற்றும் தூளில் தொழிற்படுவதும் +1 இல் உள்ள அந்தக் குளோரீனே. இங்கே ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் கடக்க முடியாது: வெளிற்றும் தூளையோ வெளிற்றும் திரவத்தையோ அமிலம் கொண்ட கழிப்பறைச் சுத்திகரிப்பானோடு ஒருபோதும் கலக்கக்கூடாது. அமில ஊடகத்தில் +1 உம் −1 உம் மீண்டும் 0 இல் கூடி, நச்சுவாயுவான குளோரீன் வெளிவரும். பி தொகுப்பின் சோதனைகள் எதையும் வீட்டில் செய்துபார்க்க வேண்டாம். ஆய்வுகூடத்தில் ஆசிரியரின் மேற்பார்வையில் மட்டுமே செய்யுங்கள்.

ஏலைட்டுகளை இனங்காண வெள்ளி நைத்திரேற்று: குளோரைட்டு வெண்ணிற வீழ்படிவு, ஐதான அமோனியாவிற் கரையும்; புரோமைட்டு வெளிர்மஞ்சள், செறிந்த அமோனியாவிற் கரையும்; அயடைட்டு மஞ்சள், செறிந்த அமோனியாவிலும் கரையாது. ஐதரசன் ஏலைட்டுகளின் நீர்க்கரைசல்களில் ஐதரசன் புளோரைட்டு மட்டும் மென்னமிலம். அதன் பிணைப்புச் சக்தி மூலுக்கு ஏறத்தாழ 565 கிலோயூல் என்பது முதன்மைக் காரணம். ஆனால் கொதிநிலையில் அதே சேர்வை முதலிடம் பெறுவது ஐதரசன் பிணைப்பினால். அமில வலிமைக்கும் கொதிநிலைக்கும் காரணங்களை மாற்றி எழுதுவது மாணவர் விடைகளில் அடிக்கடி காணும் பிழை. ஒன்று மூலக்கூறினுள் உள்ள பிணைப்பு, மற்றையது மூலக்கூறுகளிடையே உள்ள கவர்ச்சி.

ஏணி உதவாத இடங்கள்

குளோரைட்டுகளின் நீர்ப்பகுப்புக்கு ஒட்சியேற்ற எண் பெரிதும் வழிகாட்டாது; அங்கே கட்டமைப்பைப் பார்க்க வேண்டும். காபன் நாற்குளோரைட்டு நீரோடு தாக்கம்புரிவதில்லை. சிலிக்கன் நாற்குளோரைட்டு வெண்புகை எழத் தாக்கம்புரிகிறது. சிலிக்கன் பெரிய அணு, நீரின் தனிச்சோடியை ஏற்க அதனிடம் வெற்று 3டி ஒபிற்றல்களும் உண்டு என்பதே பாடத்திட்ட மட்டத்தில் எதிர்பார்க்கப்படும் விளக்கம். நைதரசன் முக்குளோரைட்டு அமோனியாவையும் ஐப்போகுளோரசு அமிலத்தையும் தர, பொசுபரசு முக்குளோரைட்டு பொசுபரசு அமிலத்தையும் ஐதரசன் குளோரைட்டையும் தருகிறது. இந்த இணையைத் தவறாமல் அருகருகே எழுதிப் படியுங்கள். பல்தேர்வு வினாக்களுக்கு மிகப் பொருத்தமான இடம் இது.

ஒட்சியமிலங்களுக்கு மனனத்திலும் படம் சிறந்தது. பொசுபரசு அமிலத்தின் லூயிசு கட்டமைப்பை வரைந்தால், மூன்று ஐதரசன்களில் ஒன்று பொசுபரசோடு நேரடியாகப் பிணைந்திருப்பது தெரியும். அது புரோத்தனாக விடுபடாது. எனவே அவ்வமிலம் இருமூலத்தன்மையது. குளோரீனின் நான்கு ஒட்சியமிலங்களில் ஒட்சிசன்கள் கூடக்கூட அமில வலிமை கூடுவதையும் வரைபடத்திலிருந்தே விளக்கலாம்.

அலுமினியத்துக்கு ஈரியல்பும் குளோரைட்டின் இருபகுதியமும் தெளிவாக இருந்தாற் போதும். காபனில் வைரம், காரீயம் ஆகிய பிறதிருப்பங்களின் கட்டமைப்பையும் ஓரொட்சைட்டின் தாழ்த்தும் இயல்பையும் பாருங்கள். விழுமிய வாயுக்களுக்கு ஒரு மாலைப்பொழுது போதுமானது: நீல் பாட்லெற் 1962 இல் செனனின் முதற் சேர்வையை ஆக்கியதையும், இருபுளோரைட்டு நேர்கோட்டு வடிவத்தையும் நாற்புளோரைட்டு சதுரத்தள வடிவத்தையும் கொண்டிருப்பதையும், அவ்வடிவங்களைத் தனிச்சோடிகளை வைத்து வரைவதையும் அறிந்துகொண்டு கடந்துசெல்லுங்கள்.

படிப்பை ஒழுங்குபடுத்தல்

நைதரசன், கந்தகம், குளோரீன் ஆகிய மூன்றுக்கும் முழு நேரத்தின் பெரும்பகுதியைக் கொடுங்கள். ஒரு மூலகத்தைப் படித்த மறுநாட் காலையில், குறிப்பைத் திறக்காமல் ஏணியை வெற்றுத்தாளில் மீண்டும் எழுதி, விடுபட்டவற்றைச் சிவப்புப் பேனையாற் சேருங்கள். சிவப்பில் உள்ளவை மட்டுமே அடுத்த முறை நீங்கள் படிக்க வேண்டியவை. சமன்பாடுகளை வாசிக்காதீர்கள், எழுதிச் சமப்படுத்துங்கள். பௌதிக நிலைகளையும் நிபந்தனைகளையும் சேர்த்தே எழுதுங்கள். கடந்தகால வினாத்தாள்களை முதலில் ஆண்டுவாரியாகச் செய்யாமல், பி தொகுப்பு வினாக்களை மட்டும் பிரித்தெடுத்துச் செய்து, பரீட்சைத் திணைக்களத்தின் புள்ளியிடும் திட்டத்தோடு ஒப்பிடுங்கள். விடை சரியா என்பதோடு, எந்தச் சொல்லுக்குப் புள்ளி வழங்கப்படுகிறது என்பதையும் அங்கே கவனிக்க வேண்டும். நண்பரோடு படிப்பதானால், ஒருவர் அவதானத்தை மட்டும் சொல்ல, மற்றவர் சேர்வையைக் கூறிச் சமன்பாட்டை எழுதும் முறை மிகுந்த பயன் தரும்.

இனங்காணும் வினாவை எப்படி அணுகுவது என்பதற்கு ஓர் உதாரணம். நிறமற்ற உப்புக் கரைசல் ஒன்றுக்கு ஐதான ஐதரோகுளோரிக் அமிலம் சேர்க்கப்படுகிறது. காரமணமுள்ள வாயு வெளிவர, கரைசல் மெல்ல வெளிர்மஞ்சளாகக் கலங்குகிறது. அவ்வாயு, அமிலமாக்கிய இருகுரோமேற்றில் நனைத்த தாளைப் பச்சையாக்குகிறது. தொடக்கக் கரைசலின் மற்றொரு பகுதி அயடீன் கரைசலின் கபில நிறத்தை நீக்குகிறது. மூன்றாவது பகுதிக்கு வெள்ளி நைத்திரேற்றைச் சேர்க்க, வெண்ணிற வீழ்படிவு தோன்றி, மஞ்சள், கபிலம் என மாறிக் கறுக்கிறது.

விடை தேடுமுன் ஒவ்வோர் அவதானத்தையும் ஏணியில் வையுங்கள். தாளைப் பச்சையாக்கிய வாயு தாழ்த்தும் கருவி. காரமணமும் சேர, அது +4 இல் உள்ள கந்தகவீரொட்சைட்டு. வெளிர்மஞ்சட் கலங்கல் 0 இல் உள்ள கந்தகம். ஒரே அயனிலிருந்து +4 உம் 0 உம் தோன்றினால், அந்த அயனில் கந்தகத்தின் சராசரி எண் +2, ஆகவே தயோசல்பேற்று. சல்பைற்று மட்டும் இருந்திருந்தால் கலங்கல் தோன்றியிராது. சல்பைட்டு மட்டும் இருந்திருந்தால் அழுகிய முட்டை மணம் எழுந்து, ஈய அசற்றேற்றுத் தாள் கறுத்திருக்கும். சல்பைட்டும் சல்பைற்றும் கலந்த கரைசலும் அமிலத்தில் கந்தகத்தைத் தரக்கூடும் என்ற ஐயம் இங்கே எழ வேண்டும். அதைத் தீர்ப்பது மூன்றாவது பகுதி: சல்பைட்டு இருந்திருந்தால் வெள்ளி நைத்திரேற்றோடு தொடக்கத்திலேயே கறுப்பு வீழ்படிவு வந்திருக்கும், இங்கே வெள்ளைத் தயோசல்பேற்று முதலில் படிந்து, பின்னரே வெள்ளி சல்பைட்டாக மாறுகிறது. அயடீனோடு நடக்கும் தாக்கத்தில் கந்தகம் +2 இலிருந்து +2.5 இற்கு ஏறி நாற்றயோனேற்று அயனாகிறது. இனி நான்கு தாக்கங்களுக்கும் சமப்படுத்திய அயன் சமன்பாடுகளை எழுதி, ஒவ்வொன்றின் கீழும் தொடக்க நிறத்தையும் இறுதி நிறத்தையும் குறியுங்கள்.